ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வர முடியவில்லை, ஷூரிட்டி சிக்கல்

அடிதடி கேஸ், தென்மாவட்டம் ஒன்றில். மாஜிஸ்திரேட் கோர்ட் ஜாமீன் கொடுத்து மூன்று வாரம் ஆகப்போகிறது, தம்பி இன்னும் உள்ளேதான். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஷூரிட்டி (ஜாமீனுக்குப் பொறுப்பேற்று கோர்ட்டில் கையெழுத்துப் போடுபவர்), ஒருவர் ரத்த சொந்தம். அம்மா ரெடி. இரண்டாவது ஆள்தான் இடிக்கிறது. வீட்டு ஓனர் வரி ரசீதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோர்ட் படியேற மாட்டேன் என்கிறார். சித்தப்பாவின் பட்டா இன்னும் தாத்தா பெயரில், அதனால் ஏற்கவில்லை. காசுக்கு ஷூரிட்டி நிற்கும் ஆட்கள் வேண்டவே வேண்டாம்; ஆவணம் போலியென்றால் அது தனி கேஸ்.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே பரிசீலிக்கலாமென உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இலவச சட்ட உதவிக்கும் மனு கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது ஷூரிட்டிக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அதே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாமா, செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போகணுமா?