கச்சத்தீவுத் திருவிழாவை வச்சு எல்லையைத் திறக்கச் சொல்றது சரியா?

தொண்டிக்கரை
"நேபாள எல்லை மாதிரி பாக் நீரிணையையும் திறந்துவிட்டா மீனவர் கைது ஒரே வாரத்துல நின்னுடும். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாமத்தானே போறோம்?"னு ஒருத்தர் பேசின காணொளியை எல்லாரும் பரப்பிக்கிட்டு இருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. இலங்கை வசம் இருக்கிற அந்தத் தீவுல நடக்கிற அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு யாரும் சும்மா படகை அவுத்துக்கிட்டுப் போறதில்லை. முன்கூட்டியே பெயர் பதியணும், அடையாள அட்டை நகல் கொடுக்கணும், போலீஸ் விசாரிக்கணும். படகுக்குத் தனி அனுமதி, கரையில சோதனை, கச்சத்தீவுல இலங்கைக் கடற்படை சோதனை. மறுநாள் பூசை முடிஞ்சதும் திரும்பிடணும். பட்டியல்ல பெயர் இல்லாட்டி ஜெட்டியைத் தாண்ட முடியாது. இதைப் போயி திறந்த எல்லைங்கிறீங்களே!

பாம்பன் நீரோட்டம்
அண்ணே, கச்சத்தீவு இலங்கைக்குன்னு முடிவான 1974 ஒப்பந்தத்தோட அஞ்சாவது பிரிவைப் படிங்க. இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்ன மாதிரியே கச்சத்தீவுக்கு வந்து போகலாம். இலங்கை அதுக்குப் பயணப் பத்திரமோ விசாவோ கேட்காது. பட்டியல் நம்ம ஊர் அதிகாரிங்க வச்ச ஏற்பாடு, ஒப்பந்தத்துல பட்டியலே கிடையாது. இதுக்கு முன்னாடி 1914ல இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடுச்சு. சென்னையில ரயில் ஏறினா ஒரே டிக்கெட்டுல கொழும்பு. 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்ச பிறகும் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் போச்சு, இலங்கைப் போர் வந்துதான் நின்னுச்சு. இந்தக் கடல் திறந்து கிடந்த கடல்தான்.

தொண்டிக்கரை
திறந்து கிடந்துச்சா? தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனத்தை மண்டபம் முகாம்ல நிறுத்தி, நோய் இருக்கான்னு பார்த்துத்தானே வெள்ளைக்காரன் கப்பல் ஏத்தினான். அந்த முகாம் எதுக்குக் கட்டினதுன்னு பாம்பன்ல இருக்கிறவருக்கே தெரியலைன்னா என்ன சொல்ல? அஞ்சாவது பிரிவு சொன்னீங்க, 1976 கடிதங்களை ஏன் விட்டுட்டீங்க? அந்த வருஷம் மார்ச்ல மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லையைப் பிரிச்சப்போ, ரெண்டு நாட்டு மீனவரும் அடுத்தவர் கடல்ல மீன்பிடிக்கக் கூடாதுன்னு எழுதிக்கிட்டாங்க. அதோட மீன்பிடிப் பேச்சு முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது திருவிழாதான், அதுக்கும் பட்டியல் உண்டு.

வத்தைக்காரன்
ரெண்டு பேரும் ஒப்பந்தத்தையே பேசுறீங்க. கடலைப் பேசுங்க. கரையில இருந்து 3 நாட்டிகல் மைல் நாட்டுப்படகுக்குன்னு தமிழ்நாட்டு 1983 மீன்பிடிச் சட்டம் சொல்லுது. அதைத் தாண்டினா பாறை, விசைப்படகு இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கிற வலை) இழுத்தா கிழியும். ராமேஸ்வரத்துல இருந்து பத்துப் பன்னிரண்டு மைல்ல எல்லை வந்துருது. நடுவுல இருக்கிற அந்தத் துண்டுக் கடல்ல நூத்துக்கணக்கான விசைப்படகு ஒரே ராத்திரியில இறங்கினா எங்க போகும்? எல்லையைத் தாண்டும், இல்லைன்னா எங்க 3 மைலுக்குள்ள வரும். ராத்திரி எங்க வலையை அறுத்துட்டுப் போறதும் இவங்கதான். எல்லையைத் திறந்தா இவங்களுக்குத்தான் லாபம், எங்களுக்கு என்ன?

பாம்பன் நீரோட்டம்
விசைப்படகுக்காரனும் கடன் வாங்கித்தான் தொழில் பண்றான். 3 மைலுக்குள்ள வந்தா மீன்துறைகிட்டச் சொல்லுங்க. நான் பேசுறது எல்லை. பாஸ்போர்ட் இல்லாம ரெண்டு நாட்டு சனமும் ஒரே தீவுல ஒரு ராத்திரி தங்குது, ஏதாவது அசம்பாவிதம் நடக்குதா? இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை.

பேசாலைக் காற்று
நான் மன்னார்ப் பக்கம். தம்பி, திருவிழாவுக்கு நீங்கள் வாங்கோ, ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்ல. பிரச்சினை ஆக்கள் வாறது இல்லை, றோலர் (மடி இழுக்கிற விசைப்படகு) வாறதுதான். உங்கட படகுகள் திங்கள், புதன், சனி வரும். அந்த மூண்டு நாளும் எங்கட ஆக்கள் கடலுக்குப் போறேல்ல. எங்களிட்ட இருக்கிறது சின்ன பைபர் படகு, செவுள்வலை. வலையை விட்டுட்டு இருட்டில காத்திருக்கேக்க றோலர் இழுத்துக்கொண்டு போனால் முழு வலையும் போச்சு. இழுவைமடியை இலங்கை 2017இல சட்டம் போட்டுத் தடை செய்தது, எங்கட ஆக்களுக்கும் சேர்த்துத்தான். எல்லை திறந்தாலும் அந்தச் சட்டம் அங்கேயேதான் இருக்கும். இதை விளங்காமல் என்ன கதை?

தொண்டிக்கரை
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இழுவைமடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மடியோட வாயை விரிக்க ரெண்டு பக்கமும் பலகை, அடிக்கயித்துல இரும்புச் சங்கிலி. பாக் நீரிணையில பெரும்பகுதி பதினஞ்சு மீட்டர் ஆழம்கூட இல்லை, அதனால சங்கிலி தரையை விட்டு எழும்பாது. இறாலோட சேர்த்துக் கடல் புல்லு, குஞ்சு மீனு எல்லாத்தையும் வாரிக்கிட்டு வரும். கடைசிப் பையில 40 மில்லிமீட்டர் கண்ணி இருக்கணும்னு நம்ம சட்டமே சொல்லுது. எத்தனை படகுல இருக்கு? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை நம்ம பக்கம், அவங்க பக்கம் அந்தத் தடை கிடையாது. திறந்த கடல்ல யாரு சட்டம் செல்லும்? நேபாளத்தைக் காட்டுறவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும். அங்க 1950 ஒப்பந்தப்படி ஆளு போகலாம், வேலை செய்யலாம், சொத்து வாங்கலாம். ஆனா சுங்கச்சாவடி இருக்கு, எல்லைக் காவல் படை இருக்கு. நேபாளத்துக்காரன் பீகார்ல வந்து அடுத்தவன் வயல்ல அறுப்பு அறுத்துக்கிட்டுப் போறதில்லை.

பாம்பன் நீரோட்டம்
வயலுக்கு வேலி இருக்கு, கடலுக்கு எங்க வேலி? ஐ.நா. கடல் சட்டம் 73வது பிரிவு, மீன்பிடி மீறலுக்கு ஜெயில்ல போடக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா இலங்கை நீதிமன்றம் ரெண்டாவது தடவை பிடிபட்டவனை ஜெயிலுக்கு அனுப்புது, படகை அரசுடைமை ஆக்குது. அதைக் கேளுங்க முதல்ல.

தொண்டிக்கரை
73வது பிரிவு பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது கரைக்கடலைத் தாண்டி 200 மைல் வரைக்கும் உள்ள கடலுக்கு மட்டும் தம்பி. பாக் நீரிணை குறுகலான கடல். இலங்கை அதுல தன் பக்கத்தை வரலாற்றுக் கடல்னு, அதாவது பழங்காலத்துல இருந்தே தனக்குச் சொந்தமான கடல்னு வச்சிருக்கு. அந்தப் பிரிவு இங்க செல்லவே செல்லாது. இந்தத் தப்பான வாதத்தை நம்பி எத்தனை பேர் படகை இழந்தாங்க! படகு பிடிபட்டா உரிமையாளர் பதிவுச் சான்றோட அங்க நீதிமன்றத்துல ஆஜராகணும். ஆஜராகலைன்னா படகு போச்சு. வழக்கு முடியிற வரைக்கும் யாழ்ப்பாணம் மயிலிட்டித் துறைமுகத்துல வெயில்லயும் மழையிலயும் கிடந்து பலகை இத்துப்போயிரும். திரும்பக் கிடைச்சாலும் விறகு.

மண்டபம் வடக்கு
மீனைத் தவிர மனுஷனும் இருக்காங்க. 2022ல இலங்கையில பொருளாதாரம் விழுந்தப்போ குடும்பம் குடும்பமா வந்தாங்க. படகுக்காரன் பணத்தை வாங்கிக்கிட்டு தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு முன்னாடி மணல் திட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். பிள்ளைகளோட, குடிக்கத் தண்ணியில்லாம கிடந்தவங்களை கடலோரக் காவல்படைதான் கரை சேர்த்துச்சு. முறையான கப்பல் இருந்திருந்தா அந்தத் திட்டுல யாரு நிப்பா? 1983ல இருந்து வந்தவங்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இடம் இல்லை. எல்லையைத் திறக்கணும்னா முதல்ல இவங்களுக்குத் திறங்க.

பாம்பன் நீரோட்டம்
இதையேதான் நானும் சொல்றேன்! கப்பல் விடுங்க, பாஸ்போர்ட் கேட்காதீங்க, கச்சத்தீவு மாதிரி.

தொண்டிக்கரை
நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர்லயே வந்தாச்சு. பாஸ்போர்ட் கேட்கிறாங்க, கேட்கத்தான் செய்வாங்க. கச்சத்தீவுக்குப் பட்டியல், பட்டியல், பட்டியல். எத்தனை தடவை சொல்றது?

பாம்பன் நீரோட்டம்
பட்டியல் வேற, விசா வேற. அஞ்சாவது பிரிவுல பட்டியல் இருக்கா இல்லையா? ஒரு வரியில சொல்லுங்க.

தொண்டிக்கரை
பிரிவுல இல்லை, நடைமுறையில இருக்கு. பட்டியல்ல இல்லாம ஒருத்தரை அந்தத் தீவுல இறக்கிக் காட்டுங்க. சாமானுக்கும் இதே கதைதான். கடல் அட்டை (கடலடியில ஊர்ற உயிரி) இங்க 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, தொட்டாலே குற்றம். அங்க லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வச்சு வளர்க்கலாம். அதனால இங்க குடலை எடுத்து, அவிச்சு, காயவச்சு மூட்டையா ராத்திரியில கடத்துறாங்க. அங்க போனதும் அது இலங்கைச் சரக்கு. மஞ்சள், பீடி இலையும் இதே வழிதான். எல்லையைத் திறந்தா ஒரே மாசத்துல நம்ம பக்கம் கடல் அட்டை இருந்த இடம் தெரியாது.

வத்தைக்காரன்
அட்டைக்குத் தடை போட்டதால பட்டினி கிடக்கிறது முங்கிப் பிடிக்கிற எங்க ஆளுங்கதான். அங்க வளர்க்கலாம்னா இங்க ஏன் கூடாது? இதைக் கேட்டா மட்டும் அண்ணன் சட்டம் பேசுவார்.

தொண்டிக்கரை
அது வேற விவாதம். விசைப்படகுக்கு வழி ஆழ்கடல்தான். இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்குப் போக 2017ல வந்த திட்டத்துல ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் இருபது சதவீதம், மீனவர் பத்து, மிச்சம் இருபது வங்கிக் கடன். சூரைக்குத் தூண்டில், செவுள்வலை. நம்ம கடனை நாம அடைக்கணும், அடுத்தவன் கடல்ல போய் இல்லை.

பாம்பன் நீரோட்டம்
அந்தப் படகு எங்க கட்டும்? ராமேஸ்வரம் ஜெட்டியில ஆழம் இல்லை, அதனால குந்துகால், மூக்கையூர் துறைமுகம்னு ஓடணும். ஒரு ராத்திரி மடி இழுத்துப் பழகினவனை நாள்கணக்கா கடல்ல தூண்டில் போடச் சொன்னா, டீசலும் ஐஸும் வாங்கின காசே மீனா திரும்பி வராது. பழைய படகையும் உடைச்சுக் கொடுக்கணும். வழின்னு சொல்றவர் ஒரு படகு கட்டி ஓட்டிக் காட்டட்டும்.

பேசாலைக் காற்று
இவ்வளவு கதைச்சும் றோலரை நிப்பாட்டுறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

தொண்டிக்கரை
முதல் பதிவுல இருந்து அதைத்தானே சொல்றேன். பாம்பன்காரர்தான் பட்டியலை ஒத்துக்க மாட்டேங்கிறார்.

பாம்பன் நீரோட்டம்
ஒத்துக்க முடியாது. அஞ்சாவது பிரிவைத் திரும்பப் படிச்சுட்டு வாங்க.