ஒரே மாடல் எண் கொண்ட ரேம்கள் ஒத்துப்போகாதது ஏன்?

செழியன்

என் கணினியில் ரைசன் 5 3600 செயலியும் பி450 மதர்போர்டும் உள்ளன. 2020இல் வாங்கிய இரண்டு 8 ஜிபி ரேம்கள் (டிடிஆர்4 வகை, 3200 வேகம்) இதுவரை ஒரு குறையுமின்றி ஓடின. திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். ஃபோட்டோஷாப்பில் சில பக்கங்களைத் திறந்தாலே 16 ஜிபி நிரம்பிவிடுவதால், அதே நிறுவனத்தின் அதே மாடல் எண் கொண்ட இரண்டு ரேம்களைச் சென்ற வாரம் வாங்கிச் சேர்த்தேன். ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினால் திரையே வருவதில்லை; மதர்போர்டில் ரேம் கோளாறைக் காட்டும் டிராம் விளக்கு மட்டும் எரிகிறது. அதை நீக்கினால் 2666 வேகத்தில் விண்டோஸ் வருகிறது, ஆனால் நாளுக்கு இரண்டு முறையாவது நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. மதர்போர்டு பழுது என்கிறார் கடைக்காரர். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேலன்

மதர்போர்டை மாற்ற வேண்டாம். புதிய இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி ரேம்களை வாங்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 3200 என்பது, அந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றை ஒன்றாக இயக்குவதற்கு மட்டுமே தரப்படும் உறுதி. ஏஎம்டி நிறுவனமே இந்தச் செயலிக்கு இரண்டு ரேம் இருந்தால் 3200 என்றும், நான்கு இருந்தால் ஒற்றை ரேங்குக்கு (சிப்கள் ஒரே தொகுதியாக இயங்கும் ரேம்) 2933, இரட்டை ரேங்குக்கு (இரு தொகுதிகளாக இயங்குவது) 2667 என்றும்தான் வரையறுத்திருக்கிறது. நான்கையும் போட்டு 3200 கேட்பது வரம்பைத் தாண்டிய எதிர்பார்ப்பு.

நுண்மதி

3200 வராததற்கு வேலன் சொன்ன காரணம் சரி. ஆனால் 2666இலும் நீலத்திரை வருகிறதே, அதற்கு அந்தக் காரணம் போதாது. காரணம் தெரியாமல் நல்ல ரேமைத் திருப்பிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கையிலிருக்கும் பொருளை வைத்தே சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் முறை. செழியன், நான்கையும் கழற்றிவிட்டு, செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டுங்கள். பிறகு பழைய ஜோடி, புதிய ஜோடி, கடைசியில் நான்கும். கழற்றும்போது ரேமின் மேலுள்ள கறுப்புச் சிப்கள் எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

வேலன்

சோதிக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அந்தக் கணினியில் வேலை செய்யக் கூடாது. நீலத்திரை கண்ணுக்குத் தெரியும் இழப்பு. ரேமில் ஒரு பிட் மாறிய நிலையில் கோப்பைச் சேமித்தால் அது ஓசையின்றிக் கெட்டுப்போகும். ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களை மறுபடி எடுக்க முடியாது.

செழியன்

தனித்தனியாக நான்கும் தேறின; இரண்டு ஜோடிகளும் தேறின. நான்கையும் சேர்த்தபோது முதல் சுற்றிலேயே பிழைகள் வந்தன. பழைய ரேமில் எட்டுச் சிப்கள் இருக்கின்றன, புதியதில் நான்குதான். ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

நுண்மதி

காரணம் அங்கேதான் இருக்கக்கூடும். எட்டுச் சிப் என்றால் ஒவ்வொன்றும் 8 கிகாபிட். நான்கு என்றால் ஒவ்வொன்றும் 16 கிகாபிட். டிராம் சிப்பில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் அதை விடாமல் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக்கு 8 கிகாபிட் சிப் 350 நானோவினாடியும், 16 கிகாபிட் சிப் 550 நானோவினாடியும் எடுத்துக்கொள்கின்றன. பழைய ரேமின் கணக்கையே பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) நான்குக்கும் வைத்திருந்தால், புதிய சிப் வேலையை முடிக்கும் முன்பே செயலி அதை அணுகிவிடும். 2666 வேகத்தில் 350 நானோவினாடி என்பது ரேமின் கடிகாரக் கணக்கில் 467 துடிப்பு, 550 என்பது 733க்குச் சற்று மேல். பயாஸில் இந்தப் புதுப்பிப்பு நேரத்தைக் குறிக்கும் டிஆர்எஃப்சி என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது?

வேலன்

விளக்கத்தை ஏற்கிறேன், தீர்வை ஏற்கவில்லை. மாடல் எண் ஒன்றாக இருந்தும் உள்ளிருப்பது வேறு என்பது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. மேலும், இந்த ரைசனில் செயலியின் உள்பாதை ரேமின் வேகத்தோடு இணைந்து ஓடுவதால், 3200இலிருந்து 2666க்கு இறங்கினால் அதுவும் 1600 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1333க்கு இறங்கும். பயாஸைப் புதுப்பித்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ கையால் இட்ட எண் அழிந்துவிடும். அன்று செழியனுக்கு இது நினைவிருக்குமா?

நுண்மதி

பயாஸில் அமைப்பைச் சேமித்துவைக்கும் வசதி உண்டு. எண்ணை ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டியும் வைக்கலாம். அவருடைய வேலைக்கு வேகத்தைவிடக் கொள்ளளவுதான் முதன்மை; 16 ஜிபியில் வட்டுக்கும் ரேமுக்கும் இடையே அலைந்ததோடு ஒப்பிட்டால் இந்த வேகக் குறைவு அவர் கண்ணில் படாது.

செழியன்

467 என்றுதான் இருந்தது. 2666லேயே நிறுத்தி, அதை 734 ஆக்கி, இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. மூன்று நாளாக நீலத்திரை இல்லை. வேலன் எச்சரித்தபடி சென்ற வாரக் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். இரண்டு ஆல்பங்களில் சில பக்கங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகி இருந்தன. கேமரா கார்டுகளை நல்ல வேளையாக இன்னும் அழிக்கவில்லை. அந்தப் பக்கங்களை இன்றிரவு மூலப் படங்களிலிருந்து மீண்டும் அமைக்கிறேன்.

வேலன்

திறந்த கோப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வாரம் சேமித்த எல்லாவற்றையும் கார்டிலிருந்தே மறுபடி நகலெடுங்கள், செழியன்.