பிளாக்செயினில் ஏற்றினால் ராணுவக் கொள்முதலில் ஊழல் பூஜ்யமாம்!

கணக்குப்பிள்ளை:
"ராணுவக் கொள்முதல் மொத்தத்தையும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் ஊழல் பூஜ்யம்" என்று நேற்று நிரலரசன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எழுதியதை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாதபடி பல கணினிகளில் பூட்டி வைக்கும் கணக்கேடாம் அந்த பிளாக்செயின். இருபத்தெட்டு வருடம் கிடங்குக் கணக்கு பார்த்தவன் நான். பொய்யை எழுதிப் பூட்டு போட்டால் அது பூட்டு போட்ட பொய், அவ்வளவுதான். டெண்டர் பெட்டியைத் திறக்கும்போதா தப்பு நடக்கிறது? என்ன வாங்க வேண்டும் என்று எழுதும்போதே முடிந்துவிடும். இந்தியாவின் விவிஐபி ஹெலிகாப்டர் விவகாரத்தைப் பாருங்கள். 6,000 மீட்டர் உயரம் பறக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 4,500 ஆனது. 2010இல் அகஸ்டா வெஸ்ட்லேண்ட் நிறுவனத்துடன் 12 ஹெலிகாப்டருக்கு ஒப்பந்தம், 2014 ஜனவரியில் ரத்து. அந்த நிறுவனம் போட்டிக்குள் வரட்டும் என்றே உயரத்தைக் குறைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. விசாரணை சுற்றிச் சுற்றி வந்தது அந்த 1,500 மீட்டரைத்தான். இதை எந்த பிளாக்செயின் தடுக்கும்?

நிரலரசன்:
ஒரே விற்பனையாளர் மட்டும் மிஞ்சக் கூடாது என்றுதான் உயரத்தைக் குறைத்தோம் என்று அரசுத் தரப்பே சொன்னது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? போகட்டும். உக்ரைனைப் பாருங்கள். புரோசோரோ என்ற இணையக் கொள்முதல் முறை 2016 முதல் அங்கே கட்டாயம். யார் வேண்டுமானாலும் விலையைப் பார்க்கலாம். 2022இல் போர் வந்ததும் ராணுவ ஒப்பந்தங்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் என்ன வெளியே வந்தது? படைவீரர்களுக்கு வாங்கிய முட்டை ஒன்று 17 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்). கீவ் கடைகளில் அப்போது சுமார் 7. மறைத்த இடத்தில்தான் விலை ஏறியது.

கணக்குப்பிள்ளை:
அந்த முட்டையைப் பிடித்தது யார்? பத்திரிகையாளர். மென்பொருள் இல்லை. மனிதன்.

நிரலரசன்:
மென்பொருளுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள் ஐயா! காட்டாததை அது எப்படிப் பிடிக்கும்?

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே நானும் சொல்கிறேன். மறைக்க நினைத்தவன் மறைத்துவிட்டான். பிடித்தது மனிதன்.

அரைக்காசு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். முட்டைக்கு உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர் ஒரு விளக்கம் சொன்னார்: எண்ணிக்கையையும் எடையையும் மாற்றிக் கணக்கிட்டதில் வந்த பிழையாம். அப்படியென்றால் 17க்கு ஒரு முட்டை என்பதே சரியில்லையோ?

நிரலரசன்:
அந்த விளக்கத்தை நம்புகிறவர் நீங்கள் ஒருவர்தான். துணை அமைச்சர் அந்த மாதமே ராஜினாமா செய்தார். பிறகு, ஆயுதம் அல்லாத பொருட்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டமே வந்தது. மென்பொருள் உதவாது என்றால் அந்தச் சட்டம் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
சட்டம் வந்தது பத்திரிகையாளரால். மறுபடியும் சொல்கிறேன், பிடித்தது மனிதன். அரைக்காசு கேட்டது நல்ல கேள்வி. கிலோவா எண்ணிக்கையா என்பதைக் கிடங்கில் எடை போடுகிறவன் ஒரு நிமிடத்தில் சொல்வான். உங்கள் நிரல், கட்டத்தில் 17 என்று போட்டால் 17 என்று வாங்கிக்கொள்ளும். சுமக்கிற கழுதைக்குக் குங்குமப்பூவும் ஒன்றுதான், குப்பையும் ஒன்றுதான்.

நிரலரசன்:
சந்தை விலையோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கொடி காட்டும் நிரலை ஒரு மாலையில் எழுதலாம். கழுதை என்று சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா?

வெண்கலமணி:
முட்டைக்குச் சந்தை விலை இருக்கிறது. நீர்மூழ்கிக்கு எந்தச் சந்தையில் விலை கேட்பீர்கள்?

அப்புறம், கணினி திருடனுக்கும் வேலை செய்யும். அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையில் 'ஃபேட் லியோனார்ட்' விவகாரம். அந்தப் பட்டப்பெயர் கொண்ட துறைமுகச் சேவை ஒப்பந்ததாரர் அதிகாரிகளை வளைத்து, எந்தக் கப்பல் எங்கே போகும் என்ற ரகசிய அட்டவணையையே வாங்கினார். கடற்படைப் புலனாய்வுத் துறையின் ஆள் ஒருவரே விசாரணைக் கோப்புகளைக் கணினியிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்தார்.

நிரலரசன்:
பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். அதே கணினியில் "விசாரணை முடிந்தது" என்று பொய் அறிக்கை போட்டுத்தான் 2013இல் அந்த ஒப்பந்ததாரரை அமெரிக்காவுக்கு வரவழைத்துக் கைது செய்தார்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதும் பதிவில் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
பொய் அறிக்கை போட்டது யார்? மனிதன்! உங்கள் ஆதாரமே என் பக்கம் பேசுகிறது.

நிரலரசன்:
சரி, எல்லாவற்றையும் மனிதனே செய்கிறான். கணக்குப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஊழல் செய்பவனும் மனிதன்தானே?

கணக்குப்பிள்ளை:
புத்தகத்தைத் தொடாதே தம்பி. அடித்துத் திருத்தினால் மை காட்டிக்கொடுக்கும்.

நிரலரசன்:
அடித்தால் தெரிய வேண்டும் என்பதுதானே பிளாக்செயின்! நேற்றிலிருந்து அதைத்தானே கத்துகிறேன்!

அரைக்காசு:
இப்போது இருவரும் ஒன்றையே சொல்கிறீர்கள் போலிருக்கிறதே?

கணக்குப்பிள்ளை:
ஒன்று இல்லை. கடவுச்சொல் வைத்திருப்பவன் புதுப் புத்தகமே எழுதிவிடுவான். இந்த நிரலரசன் போன வருடம் என்னை "காகிதப்புலி" என்று எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை.

நிரலரசன்:
அதற்கு முன் என்னை "பொத்தான் அமுக்கி" என்றது யார்? அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, எடுத்துப் போடட்டுமா?

வெண்கலமணி:
நீர்மூழ்கிக்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
நீர்மூழ்கியைப் பிறகு பார்க்கலாம். முதலில் முட்டை. பிடித்தது யார்? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

நிரலரசன்:
மறைத்தது யார்? அதற்கு முதலில் நீங்கள் ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.