589 எனக்கும் 589தான்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒழுங்காகப் பிரியாது என்பது தெரிந்ததே கல்லூரி வேதியியல் லேபில்தான். டைட்ரேஷன், அதாவது அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டாயிற்று, வெளிர் பிங்க் வந்ததும் காரம் சொட்டும் பியூரெட் குழாயை மூட வேண்டும். பக்கத்து மேசைக்காரன் "டேய், எப்பவோ தாண்டிடுச்சுடா" என்று கத்தும்வரை என் குடுவையில் இருந்தது எனக்கு வெறும் தண்ணீர். கவனமில்லாத பையன் என்று பெயர் வந்தது, நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்புறம் சுடர் சோதனை: உப்பைத் தீயில் காட்டினால் அதிலுள்ள உலோகத்துக்கு ஏற்பச் சுடரின் நிறம் மாறும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. எனக்கு இரண்டுமே மங்கல் மஞ்சள். ஆசிரியர், ஒளியைப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும், கையில் பிடிக்கிற நிறமாலைநோக்கி ஒன்றைக் கொடுத்தார். அதில் நிறத்துக்குப் பெயர் வைக்கவே வேண்டாம், கோடு எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்தால் போதும். சோடியத்தின் கோடு 589 நானோமீட்டர் அலைநீளத்தில், எனக்கும் பக்கத்து மேசைக்காரனுக்கும் அதே 589. நிம்மதியாக இருந்தது, கூடவே எரிச்சலும்: இத்தனை வருடம் 'சிவப்பு' என்று எதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அணுக்கொள்கை தந்த டால்டனுக்கும் இதே கதைதான். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து, இறந்தபின் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. மிச்சம் வைத்த கண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்து, பச்சைப் பகுதி ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு அவருக்கு இல்லை என்று 1995இல்தான் கண்டுபிடித்தார்கள்.

*மறுமொழி:* உங்களுக்குக் கண், எனக்குக் காது தம்பி. கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கிவிட்டது. அதுவரை எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று சண்டை போட்டவள் நான்! காதுக் கருவி மாட்டிய முதல் நாள் காகிதம் மடிக்கிற சத்தமே அதட்டல் மாதிரி கேட்டது, என் குரலோ யாரோ ஒருத்தி பின்னாலிருந்து பேசுவது போல. இப்போது பழகிவிட்டது. ஆனால் ராத்திரி கழற்றி வைத்தபின் வரும் அந்த மந்தமான அமைதிதான் என்னுடையது என்று தோன்றுகிறது. நீங்கள் அந்த நிறம் திருத்தும் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லையா?

*மறுமொழி:* பார்த்தேன் அம்மா. இல்லாத நிறமியை அது கொண்டு வராது, நடுவில் சில அலைநீளங்களை வடிகட்டி வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் போட்டேன், எல்லாவற்றுக்கும் யாரோ மேக்கப் போட்டுவிட்டது போலவே இருந்தது. இப்போது டிராயரில் கிடக்கிறது. வேலையில் மட்டும், அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் பிஎச் மீட்டர் இல்லாமல் குடுவையைத் தொடுவதில்லை.