மதுரையின் மக்கள்தொகை ஒரு பத்தாண்டில் குறைந்தது எதனால்?

கேள்வி: புவியியல் மாணவி
வணக்கம். மதுரை மாநகராட்சியின் கணக்கெடுப்பு எண்களை ஆய்வேட்டுக்காகத் தொகுத்து வருகிறேன். 1991இல் சுமார் 9.41 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 2001இல் 9.29 இலட்சமாகக் குறைந்து, 2011இல் 10.18 இலட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் வேறு சில அட்டவணைகள் அதே 2011க்கு 14 இலட்சத்துக்கும் மேல் காட்டுகின்றன. ஊர் நாளுக்கு நாள் பெருகிய காலத்தில் இந்தக் குறைவு ஏன் நேர்ந்தது?

மறுமொழி: திருநகர்வாசி
2011க்கான அந்த இரண்டு எண்களும் வெவ்வேறு நிலப்பரப்புக்கு உரியவை, அம்மா. பழைய மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டர். அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஆர்வி பட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் பல ஊராட்சிகளும் 2011இல் இணைந்த பிறகு அது ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராகி, 72 வார்டுகள் 100 ஆயின. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 19,600 பேர் என்றிருந்த நெருக்கம், ஒருவர்கூட வீடு மாறாமலேயே, ஏட்டில் 10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. 1990களில் நகருக்குள் வீடு கட்ட இடம் கிடைக்காத குடும்பங்கள் எங்கள் பகுதி போன்ற, அன்று எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களில்தான் மனை வாங்கின.

மறுமொழி: மாசி வீதிக்காரர்
உள்ளே நடந்ததையும் சொல்ல வேண்டும். தெற்காவணி மூல வீதியிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் கூட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள், பாகப்பிரிவினைக்குப் பின் ஒவ்வொன்றாக நகைக்கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் கைமாறின. கடை வாடகை தருகிற அளவுக்கு எந்தக் குடித்தனக்காரராலும் தர இயலாது. கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடங்களின் உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி இருப்பதால், இழந்த வீடுகளை மேல்மாடிகளால் ஈடுசெய்யவும் வழியில்லை; கோபுரங்கள் மறையாதிருக்க அந்த விதி வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தைப் பார்த்து இங்கே ஆள் குறையவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில்தான் எண்ணுகிறது.

மறுமொழி: நகரமைப்பு ஆர்வலர்
இதைப் பொருளியலாளர் காலின் கிளார்க் 1951இலேயே பல நகரங்களின் தரவுகளைக் கொண்டு விளக்கினார்: மையத்திலிருந்து விலக விலக மக்கள்நெருக்கம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது, போக்குவரத்து எளிதாகும்போது அந்தச் சரிவு தட்டையாகிறது. 1969இல் புவியியலாளர் புரூஸ் நியூலிங், வணிகம் பெருகிய நகரங்களில் நடு மையத்திலேயே ஒரு பள்ளம் விழுவதையும் கணக்கில் சேர்த்தார். மாசி வீதிக்காரர் சொல்வது அந்தப் பள்ளத்தைத்தான். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது தொடங்கிய பரவலுக்கு, 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் 2004இல் உயர் நீதிமன்றக் கிளையும் வைகைக்கு வடக்கே புதிய இழுவிசையைத் தந்தன. ஆகவே மாநகராட்சியின் மொத்த எண்ணை விட்டுவிட்டு, கோயிலை மையமாக வைத்து 1, 3, 5, 10 கிலோமீட்டர் வளையங்கள் வரைந்து, அன்று ஊராட்சியாக இருந்தவற்றையும் சேர்த்து மூன்று கணக்கெடுப்புகளையும் அதே வளையங்களில் ஒப்பிடுங்கள். வார்டு எல்லைகளும் இடையில் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் வரைபடத்தை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.