புதுப்பிப்பு: காது வலியும் துலம்பென் லிபர்ட்டி கப்பலும்

காற்று உருளையுடன் கடலில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சியில் மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கியதும் காது வலிப்பதாகவும், பாலித் தீவின் துலம்பெனில் மூழ்கியுள்ள லிபர்ட்டி கப்பலைக் காண இயலுமா என்றும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

வலி தொடங்கும்வரை காத்திராமல், நீர்மட்டத்திலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, கால்கள் கீழிருக்கும்படி கயிற்றைப் பற்றிச் சிறிது சிறிதாக இறங்கச் சொன்ன யோசனையே பலித்தது. ஒருமுறை மறந்து வலி வந்துவிட்டபோது, சற்று மேலேறிய பிறகுதான் காது திறந்தது.

சான்றிதழ் பெற்ற மறுநாளே கப்பலுக்குச் சென்றோம். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்குள்ளாகிக் கரையேற்றப்பட்ட அக்கப்பல், 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்து, கரையிலிருந்து நீந்திச் செல்லும் தொலைவிலேயே ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் ஆழம்வரை கிடப்பதால், 18 மீட்டர் வரம்புள்ள தொடக்கநிலைச் சான்றிதழுடனேயே அதன் பெரும்பகுதியைக் காணலாம். பவளம் படர்ந்த அந்த இரும்பு விலாக்களை முதன்முதலாகக் கண்ட கணத்தில் வலியின் நினைவே எனக்கில்லை.

எதிர்பாராதது கரைதான். அங்கே மணலில்லை, உருளும் கற்களே உள்ளன. காற்று உருளையைச் சுமந்து அலையில் நடக்கத் தடித்த அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும்.