புதுப்பிப்பு: நரம்புக் கடத்தல் சோதனையும் குளிர்ந்த கையும்

நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டி, அது எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று அளப்பதே நரம்புக் கடத்தல் சோதனை. அதற்குப் போகும் அன்று கையில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாதீர்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். தோலின் வெப்பநிலையை அதில் ஒரே வரியில் தாண்டிவிட்டேன். ‘ஏசி அறையில் எடுத்தால் ரிப்போர்ட் மாறுமா?’ என்று கேட்டவர்களுக்காக இது.

மாறும். கையில் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் கடத்தல் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். மணிக்கட்டில் தூண்டினால் வரும் பதிலும் சுமார் 0.2 மில்லி செகண்ட் தாமதமாகும். 28 டிகிரியில் கிடக்கும் கையை அப்படியே சோதித்தால், இல்லாத கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு) ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குளிரைக் காட்டிக்கொடுப்பது, நரம்பின் பதிலாகத் திரையில் பதிவாகும் அலையின் உயரம். நரம்பு கெட்டிருந்தால் உணர்வு நரம்பின் அலை பெரும்பாலும் சிறுத்துப்போகும். குளிரிலோ வேகம் குறைந்தும் அலை உயர்ந்து, அகன்று நிற்கும். மின்துடிப்பை உண்டாக்க நரம்பின் சவ்வில் திறக்கும் சோடியம் வாயில்கள் மூடத் தாமதிப்பதுதான் காரணம். குளிரில், கார்ப்பல் டனலில் நசுங்கும் மீடியன் நரம்போடு, அந்த வழியில் போகாத அல்னார் நரம்பும் சேர்ந்தே மந்தமாகும். அதனால் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே 8 செ.மீ. தூரம் வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள், வித்தியாசம் 0.4 மில்லி செகண்டைத் தொட்டால் மணிக்கட்டைச் சந்தேகிக்கலாம். கணக்குப் போட்டுத் திருத்துவதைவிட, கையைச் சூடாக்கி மறுபடி எடுப்பதே என் கட்சி. தோல் சூடேறியதும் அவசரப்படக் கூடாது, உள்ளே நரம்பு சூடேற இன்னும் நேரம் பிடிக்கும்.

மயஸ்தீனியாவுக்கான (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) தொடர் தூண்டல் சோதனையில், அதாவது நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் பதிலைப் பார்ப்பதில், குளிர் எதிர்த்திசையில் ஏமாற்றும்: அலையின் உயரத்தில் 10 சதவீதச் சரிவு தெரிய வேண்டிய தசையில் ஒன்றுமே தெரியாது. அந்தச் சோதனைக்கு முன், மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மருந்தை வழக்கமாக 12 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.